அவுலி மலையில் ஒரு பனிநாள்

தமிழில் 'பனி' என்னும் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்பது. மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்கும் துளியும் பனிதான். தை மாதத்து அதிகாலையில் தாம்பரம் இரயில் நிலையத்தின் விளக்குகளை மங்கச் செய்யும் மூட்டமும் பனிதான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் உதகையின் புல்வெளிமீது உப்பைத் தூவியதுபோல் படிவதும் பனிதான். ஆறு பருவங்களுள் இரண்டுக்கு முன்பனி என்றும் பின்பனி என்றும் பெயர் சூட்டியவர்கள் நம் முன்னோர். ஆயினும், வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி, முழங்கால் ஆழத்துக்குக் குவிந்து, வாரக்கணக்கில் கரையாமல் கிடக்கும் வெண்பனியை நம்மில் பெரும்பாலோர் நாட்காட்டிப் படங்களிலும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளிலும்தான் கண்டிருக்கிறோம். குடிலின் கூரைமீது பஞ்சை ஒட்டிப் பனி செய்யும் நம் பிள்ளைகள், 'உண்மையான பனி எப்படி இருக்கும்?' என்று கேட்காத ஆண்டே இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடி, 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தாம்பரம், செம்பாக்கம், பெருங்களத்தூர் ஆகிய ஊர்களைச் சேர்ந்த மூன்று குடும்பத்தினர், பெரியவரும் சிறியவருமாகப் பதினொருவர், இமயமலைக்குப் பயணமானோம். பள்ளிகளில் முறையாக விடுப்புப் பெற்றோம். கம்பளி உடைகளை உறவினரிடம் இரவல் வாங்கினோம். எங்கள் குறிக்கோள், உத்தரகாண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில் உள்ள அவுலி என்னும் சிற்றிடம். பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர் பெற்ற இடம் அது.

மலைக்குச் செல்லும் வழி

சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி, இரண்டு இரவுகள் கழித்துத் தில்லியில் இறங்கினோம். அங்கிருந்து அரித்துவாருக்கு மற்றொரு வண்டி. ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமட் நகர் வரையில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைப்பாதை. வேனில் சென்றால் ஒரு பகல் முழுவதும் பிடிக்கும்.

அந்தப் பாதையே ஒரு பாடநூல் எனலாம். அலக்நந்தா ஆறு வழிநெடுகத் துணை வருகிறது. தேவப்பிரயாகையில் அது பாகீரதியோடு கலந்து கங்கை எனப் பெயர் பெறுகிறது. மேலே செல்லச் செல்ல, ருத்ரப்பிரயாகையில் மந்தாகினி, கர்ணப்பிரயாகையில் பிண்டர், நந்தப்பிரயாகையில் நந்தாகினி, விஷ்ணுப்பிரயாகையில் தவுளிகங்கை என ஐந்து கூடல்களைக் காணலாம். இவற்றுள் கடைசியான விஷ்ணுப்பிரயாகைக்கு மேலே, மலைச்சரிவில் அமைந்திருப்பதே ஜோஷிமட். ஆதிசங்கரர் மடம் நிறுவிய திருத்தலம் என்றும், பத்ரிநாத்துக்குச் செல்லும் வாயில் என்றும் இந்து சமயத்தினர் போற்றும் நகர் அது. நாங்கள் சென்று வந்த சில மாதங்களில், 2024 ஜூனில், அதன் பெயர் ஜோதிர்மட் என மாற்றப்பட்டது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,900 மீட்டர். நம் குன்னூரின் உயரத்தை ஒத்தது.

அவுலியோ அதற்கும் மேலே. அதன் சறுக்குச் சரிவு சுமார் 2,500 மீட்டரில் முடிகிறது. உச்சியோ 3,000 மீட்டரைத் தாண்டுகிறது. தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். நம் பரங்கிமலையின் உயரம் ஏறத்தாழ 300 அடி. அப்படி முப்பதுக்கும் மேற்பட்ட பரங்கிமலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அவுலியின் உச்சியைத் தொட முடியும்!

ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்கு 4 கிலோமீட்டர் நீளமுள்ள ரோப் கார் ஒன்று உண்டு. தாம்பரத்தில் ஏறி, பெரிய கூண்டொன்றில் ஆகாய வழியாகவே குரோம்பேட்டை வரை சென்று இறங்குவதுபோன்ற தொலைவு அது. ஆனால் 2023 ஜனவரியில் அது நிறுத்தப்பட்டது. நாங்கள் சென்றபோதும் ஓடவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம். எனவே தேவதாரு மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஏறும் சாலை வழியாகவே மேலே சென்றோம்.

முதற்பாடம்

பெரிய சுற்றுலாத் தலங்களின் ஆரவாரம் எதுவும் அவுலியில் இல்லை. அரசுச் சுற்றுலாக் கழகத்தின் விடுதி ஒன்று, தனியார் விடுதிகள் சில, தேநீரும் சூடான நூடுல்ஸும் விற்கும் தகரக் கொட்டகைகள், எல்லைக் காவல் படையினரின் பயிற்சி நிறுவனம், ஒரு நாற்காலி வடம் ஆகியவையே அங்கே கண்ணில் பட்டன. கோடையில் இவ்விடம் ஆடுமாடுகள் மேயும் புல்வெளி. இத்தகைய உயர்மலைப் புல்வெளியை அப்பகுதி மக்கள் 'புக்யால்' என்கிறார்கள். குளிர்காலத்தில் அதே புல்வெளி பனிக்கம்பளம் போர்த்துக்கொள்கிறது.

வேனை விட்டு இறங்கியதும் பிள்ளைகள் செய்த முதற் காரியம், பனியைக் கையில் அள்ளி வாயில் போட்டதுதான்! இரண்டாவது காரியம், அதை உருட்டி ஒருவர்மீது ஒருவர் எறிந்தது. பஞ்சாலும் தெர்மோகோலாலும் ஆன பனியை மட்டுமே அறிந்த அவர்கள், பனிக்கு ஒலியும் உண்டு என்பதை அன்று அறிந்தார்கள். காலடி படும்போது அது வறுத்த அரிசியை மெல்லும்போது எழுவதுபோன்ற ஓசை எழுப்பியது.

வாடகைக் கடையில் ஆளுக்கொரு சோடி காலணியும், சறுக்குப் பலகைகளும், இரண்டு கோல்களும் பெற்றோம். அந்தக் காலணியை அணிந்தவர் கணுக்காலை மடக்க இயலாது. நடை பழகும் குழந்தையைப்போல் தத்தித் தத்தித்தான் நடக்க வேண்டும். பலகைகள் புதியன அல்ல; பலர் கால்பட்டுத் தேய்ந்தவை. ஆயினும் அவற்றின் அடிப்பாகம் மெழுகு பூசப்பெற்று வழவழப்பாக இருந்தது. வெறுங்காலணியோடு நின்றால் பனியில் முழங்கால் வரை புதைகிற மனிதன், நீண்ட பலகைமீது நின்றால் புதைவதில்லை. உடலின் எடை பரவிவிடுகிறது. பனிமிகுந்த நாடுகளின் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே இதைக் கண்டறிந்து, வேட்டைக்கும் பயணத்துக்கும் மரப்பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டார்கள். அதை விளையாட்டாக வளர்த்த பெருமை நார்வே நாட்டினருக்கு உரியது. நம் நாட்டிலோ, 1927-ஆம் ஆண்டு காஷ்மீரத்தின் குல்மார்க்கில் ஆங்கிலேயர்கள் ஒரு சறுக்குக் கழகத்தைத் தொடங்கினார்கள். அவுலி அதற்குப் பின்வந்த இளைய தலம். எனினும் 2011 ஜனவரியில் நடைபெற்ற முதல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகளுக்கு இச்சரிவே களமாயிற்று.

எங்களுக்குப் பயிற்சி அளித்தவர் ஜோஷிமட்டைச் சேர்ந்த இளைஞர். கோடையில் யாத்திரிகர்களுக்கு வழிகாட்டி; குளிர்காலத்தில் சறுக்குப் பயிற்றுநர். எங்கள் குழுவின் பெண்களை 'மாதாஜி' என்றும் ஆண்களை 'பாயி சாகப்' என்றும் அழைத்து, மிகுந்த பொறுமையோடு கற்பித்தார். அவர் முதலில் கற்பித்தது என்ன தெரியுமா? விழுவது! விழப்போகிறோம் என்று தெரிந்தால் முன்னே பாயாமல், ஒருபக்கமாக அமர்வதுபோல் சாய வேண்டும். பின்னர்ப் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, கோலை ஊன்றி எழ வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் ஊர்ப் பழமொழி. எதிரே வானளாவி நின்ற சிகரங்களுள் ஒன்றின் பெயர் ஹாத்தி பர்வதம், அதாவது யானை மலை என்று அறிந்தபோது, எங்கள் குழுவில் எழுந்த சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று.

அடுத்த பாடம், நண்டைப்போல் பக்கவாட்டில் அடிவைத்துச் சரிவில் ஏறுவது. அதற்கடுத்த பாடமாவது சறுக்குவதாக இருக்கும் என்று பிள்ளைகள் எதிர்பார்த்தார்கள். பயிற்றுநரோ, "இல்லை, நிற்கத் தெரிந்தவருக்கே சறுக்க அனுமதி" என்று சொல்லிவிட்டார். நிற்கும் முறை இதுதான்: இரு பலகைகளின் முன்முனைகளையும் ஒன்றையொன்று நெருங்க வைத்து, பின்முனைகளை அகல விரிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஓட்டு வீட்டின் கூரை முகடுபோல் தோன்றும். அப்போது பலகைகளின் உட்புற ஓரங்கள் பனியைக் கீறிப் பிடிக்க, வேகம் தானே தணியும். எவ்வளவு அகல விரிக்கிறோமோ அவ்வளவு விரைவில் நிற்கலாம். இந்த ஒன்றை மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேலாகத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்.

எங்களுள் மூத்தவர், புறநகர் மின்சார ரயில்களை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் சலித்துக்கொண்டதைக் கண்டு அவர் சொன்னார்: "எங்கள் வேலையும் இதேதான், கண்ணுகளா! வண்டியைக் கிளப்ப யாரும் ஒரு நாளில் பழகிவிடலாம். நடைமேடையில் குறித்த இடத்தில் நிறுத்துவதற்குத்தான் வருடக்கணக்கில் பயிற்சி." இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது பயிற்றுநர் அவருடைய கையைப் பற்றிக் குலுக்கினார்.

நண்பகலுக்குள் சிறுவர்கள் தேறிவிட்டார்கள். ஐம்பது, அறுபது மீட்டர் தொலைவைத் தாமாகவே சறுக்கி வந்து, கூரை வடிவில் பலகைகளை விரித்து, எங்கள்முன் நின்றபோது அவர்கள் முகத்தில் தெரிந்த பெருமிதத்தை என்னென்பது! பெரியவர்கள் நாங்களோ விழுவதில் தேர்ச்சி பெற்றோம்.

உச்சியிலிருந்து கண்டவை

பகல் உணவுக்குப்பின் நாற்காலி வடத்தில் ஏறினோம். கம்பிவடத்தில் தொங்கும் திறந்த நாற்காலிகள், பூமியிலிருந்து சில மீட்டர் உயரத்தில், சந்தடியின்றி மேலே செல்கின்றன. கால்கள் அந்தரத்தில் ஆட, கீழே பனிமூடிய சரிவும், இருபுறமும் கருவாலி, தேவதாரு மரங்களும் நகர்ந்து செல்லும் காட்சியை மறக்க இயலாது.

மேலே சென்று திரும்பிப் பார்த்தபோது பேச்சு அடங்கிவிட்டது. கிழக்கே நந்தாதேவி நின்றது. 7,816 மீட்டர் உயரம். முழுவதும் இந்திய எல்லைக்குள் அமைந்த சிகரங்களுள் மிக உயர்ந்தது. அதன் அடிவாரத்தைச் சூழ்ந்த உட்பகுதி, 1980-களின் தொடக்கத்திலிருந்து மலையேறுவோருக்கு மூடப்பட்டிருக்கிறது. மனிதர் கூட்டம் மிகுந்து, மரங்கள் விறகாகி, குப்பை குவிந்தபோது, 'போதும்' என்று அரசு முடிவெடுத்தது. 1988-ஆம் ஆண்டு அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மற்றொரு பக்கம் துரோணகிரி, அப்பால் காமெட், யானை மலை என்று சிகரங்கள் அணிவகுத்தன. படைத்தவனின் கைவண்ணத்தை நினைத்துக் கரங்குவிக்காதவர் எங்களுள் ஒருவரும் இல்லை.

அருகில் உறைந்துபோன சிறிய ஏரி ஒன்றைக் காட்டினார் பயிற்றுநர். இயற்கை ஏரியன்று, செயற்கைப் பனி செய்வதற்கான நீரைத் தேக்க மனிதர் வெட்டியது. "முன்பு டிசம்பரிலேயே பனி வந்துவிடும் என்று என் தந்தை சொல்வார். இந்த ஆண்டு ஜனவரி முடியும்வரை புல்தான் தெரிந்தது. நீங்கள் வருவதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் பெய்தது" என்றார். 2023 பிப்ரவரியில் இங்கே நடைபெறவிருந்த போட்டிகள் பனி போதாமையால் கைவிடப்பட்டன. பனி பொழிய வைக்கும் இயந்திரங்கள் இருந்தாலும், காற்றின் குளிர் சுழியத்துக்குக் கீழே இறங்கினால்தான் அவை பயன்படும். பனி பொய்த்தால் பயிற்றுநரின் வருவாய் மட்டுமா போகும்? கோடையில் மெல்லக் கரைந்து ஊற்றுகளை ஊட்டுவது அந்தப் பனிதான். ஆப்பிள் மரம் பூப்பதற்கும் குளிர்காலக் குளிர் வேண்டும்.

மலைச்சரிவில் ஒரு நகரம்

மாலையில் ஜோஷிமட்டுக்கு இறங்கினோம். பயிற்றுநர் எங்களைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று, அவருடைய தாயார் கையால் இஞ்சித் தேநீர் தந்தார். கூடத்துச் சுவரில் மேலிருந்து கீழாக, உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. சாக்குத்துணியைச் சுருட்டி அதை அடைத்திருந்தார்கள்.

2023 ஜனவரியில் இந்தியா முழுவதும் பேசிய செய்தி அது. ஜோஷிமட்டின் நிலம் கீழே அமிழத் தொடங்கியது. 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் வெடிப்புகள் தோன்றின. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. ஒன்றன்மீது ஒன்று சாய்ந்த இரண்டு விடுதிகள் இடிக்கப்பட்டன. ரோப் காரும் அப்போதுதான் நிறுத்தப்பட்டது.

இது எவரும் எதிர்பாராத விபத்தா? இல்லை என்பதே வேதனைக்குரியது. 1976-ஆம் ஆண்டிலேயே, கார்வால் பகுதியின் ஆணையராக இருந்த மிஸ்ராவின் தலைமையில் அமைந்த குழு ஓர் அறிக்கை அளித்தது. ஜோஷிமட் நிற்பது உறுதியான பாறைமீது அன்று. பழங்காலத்து நிலச்சரிவு கொண்டுவந்து குவித்த மண்ணும் கல்லுமே அதன் அடித்தளம். எனவே கனமான கட்டடங்கள் கட்டக் கூடாது, பாறைகளை வெடிவைத்துத் தகர்க்கக் கூடாது, மரங்களை நட்டு வளர்க்க வேண்டும், கழிவுநீருக்கும் மழைநீருக்கும் முறையான வடிகால் வேண்டும் என்று அக்குழு எச்சரித்தது. பிறகு நடந்தது என்ன? விடுதிகள் எழுந்தன; மாடிகள் உயர்ந்தன; கழிவுநீர் மண்ணுக்குள்ளேயே இறங்கியது; சுற்றுப்புறத்தில் பெருந்திட்டங்களுக்காக மலை குடையப்பட்டது. எச்சரிக்கை எழுதப்பட்ட தாள், 47 ஆண்டுகள் கழித்தே மீண்டும் புரட்டப்பட்டது.

ஜோஷிமட்டுக்கு அப்பால், ரிஷிகங்கைக் கரையில் ரேணி என்னும் சிற்றூர் இருக்கிறது. 1974 மார்ச் 26 அன்று, மரம் வெட்ட வந்தவர்களை அவ்வூர்ப் பெண்கள் கவுரா தேவியின் தலைமையில் தடுத்து நிறுத்தினார்கள். ஆண்கள் ஊரில் இல்லாத நேரத்தில், எழுத்தறியாத அந்தப் பெண்கள் காட்டைக் காத்து நின்றார்கள். சிப்கோ இயக்க வரலாற்றில் அந்நாளுக்குத் தனி இடம் உண்டு. அதே ரேணியின் அருகில்தான், 2021 பிப்ரவரி 7 அன்று, மலையுச்சியிலிருந்து பாறையும் பனியும் சரிந்து, ஆற்றில் பெருவெள்ளமாகப் பாய்ந்து, 200-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது.

"வேறு இடத்துக்குப் போய்விடலாமே?" என்று எங்கள் பெண்மணி ஒருவர் அந்தத் தாயாரிடம் கேட்டார். "எங்கே போவது, மகளே? கோயிலும் இங்கே, வயலும் இங்கே, பிள்ளையின் பிழைப்பும் மேலே அந்தப் பனியில்" என்று அவர் மறுமொழி கூறினார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

நம் மலையும் நம் ஏரியும்

வாசக அன்பர்களே, ஜோஷிமட் மக்களை எண்ணி இரங்குவதோடு இக்கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் வீடு திரும்பும் வழியில், இரயிலில், எங்கள் பேச்சு இமயமலையை விட்டு நம் ஊருக்கே வந்துவிட்டது.

2015 டிசம்பர் முதல் நாளை நம்மில் மறந்தவர் யார்? அன்று தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்றின் வெள்ளம் முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் முதல் மாடி தேடி மக்களை ஓடச் செய்தது. படகில் வந்து மீட்டவர்களை நாம் கண்ணீரோடு வாழ்த்தினோம். ஆனால் அந்த நீர் புதிய வழி தேடி வரவில்லை. தனக்கு உரிய பழைய தாங்கல்களையும் கால்வாய்களையும் தேடித்தான் வந்தது. ஏரியிலிருந்து ஏரிக்கு நீர் செல்லும்படி முன்னோர் வகுத்த ஒழுங்கு நம் பகுதியில் இருந்தது. சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் என ஏரிகள் தொடர்ந்து நிரம்பி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி நீரை அனுப்பின. ஏரிகளின் ஓரத்தில் மனைகள் பெருகப் பெருக, நீர் தங்கவும் இடமின்றி, செல்லவும் வழியின்றித் தெருவுக்கு வந்தது. திரிசூலம், பல்லாவரம் பகுதிக் குன்றுகளைப் பாருங்கள்; கல் உடைத்த குழிகள் குளங்களாக நிற்கின்றன. வெட்டிய மலை மீண்டும் வளர்வதில்லை.

நம்பிக்கை அளிக்கும் செய்திகளும் இல்லாமல் இல்லை. 2019-இல் சிட்லபாக்கம் ஏரியைத் தூய்மை செய்ய அவ்வூர் மக்களே கரையில் இறங்கினார்கள். 2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் 1,247 ஹெக்டேர் பரப்பு, உலக அளவில் காக்கப்பட வேண்டிய ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நந்தாதேவியின் அடிவாரத்தில் 'போதும்' என்று சொல்ல முடிந்தது. ரேணியின் பெண்களால் சொல்ல முடிந்தது. நம்மாலும் முடியும்.

ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், போபாலைக் கடந்துகொண்டிருந்தபோது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்: "பனியில் நீங்கள் கற்ற பாடங்களுள் எது முக்கியம்?" "நிற்பதுதான், தாத்தா" என்றாள் நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுமி. சறுக்கிச் செல்லும் இன்பத்தை அவள் மறக்கவில்லை. நிற்கத் தெரிந்ததால்தான் அந்த இன்பம் கிட்டியது என்பதையும் அவள் அறிந்திருந்தாள்.

அவுலிக்குச் செல்ல விரும்பும் குடும்பங்கள் ஜனவரி இறுதி முதல் பிப்ரவரி வரையிலான நாள்களைத் தேர்ந்துகொள்வது நலம். பனி உண்டா என்று முன்னதாகவே கேட்டறியுங்கள். முதியோர் உயரத்துக்கு உடல் பழகும்வரை ஒரு நாள் ஜோஷிமட்டில் தங்குவது நல்லது. கொண்டுசெல்லும் நெகிழிப் பையையும் குப்பியையும் மறவாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். அவ்வளவு தொலைவு செல்ல வாய்ப்பில்லாத குடும்பங்களும் வருந்த வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நம் பகுதி ஏரிக்கரை ஒன்றில் நடந்து பாருங்கள். இந்த ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, நிரம்பினால் எங்கே போகிறது என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு விடை தேடிப் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து நடந்தால், வீடு வாங்குமுன் மனையின் பழைய வரலாற்றைக் கேட்கும் பழக்கமும், வரத்துக் கால்வாயை அடைப்பதைக் கண்டால் 'நிறுத்துங்கள்' என்று சொல்லும் துணிவும் நம் இல்லங்களில் வளரும்.